சாட்சி நாள் தவறிவிட்டால் என்ன செய்வது?

கோர்ட்டுப் படி ஏறாதவனே பாக்கியசாலி என்பது நாட்டுப்புறத்துப் பெரியவர்களின் பேச்சு. ஆனால் எந்த வம்புக்கும் போகாதவனையும் கோர்ட்டு கூப்பிட்டனுப்பும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது சாட்சி சொல்லும் சந்தர்ப்பம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும்போது பல்லடம் சாலையில் லாரி ஒன்று சைக்கிள்காரர் மீது மோதியதை அவன் பார்த்தான். ஓடிப் போய்த் தூக்கினான். போலீசாரிடம் பேரும் விலாசமும் சொன்னான். அத்துடன் காரியம் முடிந்தது என்று எண்ணினான். இரண்டு வருஷம் கழித்து மாஜிஸ்டிரேட் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அந்த வாரம் கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம். ஒன்றரை ஷிப்டு வேலை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வீட்டுக்கு வந்து, அலமாரியைத் திறந்தபோதுதான் அந்தக் காகிதம் கண்ணில் பட்டது. தேதி வியாழக்கிழமையோடு போய்விட்டது.

இனி என்ன? போலீஸ் வந்து பிடித்துப் போகுமா? ஜெயிலா? ஊருக்கே போய்விடலாமா? இந்தக் கேள்விகள் அவனைத் தூங்கவிடா. கற்பனைத் தொழிலாளிதான், ஆனால் இந்தப் பயம் கற்பனையல்ல.

ஜூரி போயிற்று, சாட்சி இருக்கிறார்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சாமானிய மனிதனுக்குக் கோர்ட்டிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் ஜூரியாக உட்கார்வதற்கான அழைப்பு. காரணமின்றிப் போகாதவருக்கு இங்கிலாந்தில் 1,000 பவுன் வரை அபராதம் விதிக்கலாம். அமெரிக்காவின் மத்திய கோர்ட்டுகளில் 1,000 டாலர் வரை அபராதமும் மூன்று நாள் வரை சிறையும் உண்டு. ஆனாலும் அங்கே முதலில் கேட்பது, “ஏன் வரவில்லை?” என்பதைத்தான். தக்க காரணம் சொன்னவருக்கு வேறு தேதி கிடைத்துவிடும்.

இந்தியாவிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்தது. 1898-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டம், சம்மன் கிடைத்தும் வராத ஜூரருக்கு 100 ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருந்தது. கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில், 1959-ல் பம்பாய் ஜூரர்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் அவர் குற்றவாளியல்ல என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. ஜூரி முறையின் மேல் நம்பிக்கை குறைய அந்த வழக்கும் ஒரு காரணமாயிற்று. 1974 ஏப்ரல் 1-ம் தேதி அமலுக்கு வந்த புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

ஆகவே, இன்று திருப்பூரிலோ அவிநாசியிலோ தாராபுரத்திலோ கட்சிக்காரரல்லாத ஒருவரைக் கோர்ட்டு கூப்பிட்டால், அது சாட்சிக் கூண்டுக்குத்தான். தீர்ப்புச் சொல்லும் பாரம் மக்கள் தோளிலிருந்து இறங்கிவிட்டது. உண்மையைச் சொல்லும் பாரம் இறங்கவில்லை.

மறதியும் குற்றமா?

சட்டம் இங்கே பாமரர் நினைப்பதைவிட நியாயமாகவே நடக்கிறது. 2024 ஜூலை 1-ம் தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 389-வது பிரிவுப்படி, தக்க காரணமின்றி வராத சாட்சிக்குக் கோர்ட்டு 500 ரூபாய் வரை அபராதம் போடலாம். பழைய சட்டத்தில் இது 100 ரூபாய். அபராதம் போடுமுன், “உன்னை ஏன் தண்டிக்கக் கூடாது?” என்று கேட்டு, பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

இதைவிடக் கடுமையான பிரிவும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 208-வது பிரிவு, கோர்ட்டு அழைத்தும் வராதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால் அது வேண்டுமென்றே வராதவருக்கு மட்டும். மறந்தவனும் மறைந்தவனும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைக் கோர்ட்டு எப்படித் தெரிந்துகொள்ளும்? அவன் அதற்குப் பின் என்ன செய்தான் என்பதைப் பார்த்துத்தான்!

சம்மனுக்கு வராதவர் மேல் வாரண்டும் பிறக்கலாம். அது ஜாமீனில் விடக்கூடிய வாரண்டாக இருந்தால், குறித்த நாளில் வருவதாக ஜாமீன் எழுதிக்கொடுத்து விடுபடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும். வாரண்டு தானாகக் காலாவதியாவதில்லை. அது நிறைவேறும் வரையிலோ, கோர்ட்டே ரத்து செய்யும் வரையிலோ உயிரோடிருக்கும். ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ஊர் திரும்பிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணும் தொழிலாளி ஏமாறுகிறான்.

காகிதம் யார் கையில்?

பனியன் தொழிலாளர் பலர் லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். கம்பெனி மாறினால் வீடும் மாறும். சம்மனோ பழைய விலாசத்தைத் தேடிப் போகும். பக்கத்து வீட்டார் வாங்கி வைத்தால் அது சட்டப்படி சம்மன் சேர்ந்ததாகாது. ஆனால் ஆளைத் தேடியும் காணாதபோது, உடன் வாழும் வயது வந்த குடும்பத்தாரிடம் கொடுத்தால் அது செல்லும். பழைய சட்டத்தில் ஆண் உறுப்பினரிடம்தான் கொடுக்கலாம் என்றிருந்தது. புதிய சட்டம் அந்த வேற்றுமையை நீக்கிவிட்டது. கணவன் ஷிப்டுக்குப் போயிருக்கையில் மனைவி வாங்கிய சம்மனும் சம்மன்தான். அன்றிரவே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

மின்னணு வழியிலும் சம்மன் வரலாம் என்பது இன்னொரு மாற்றம். அதில் கோர்ட்டு முத்திரையின் உருவமோ, மின்னணுக் கையொப்பமோ இருக்க வேண்டும். இதைச் சாக்காக வைத்துப் பணம் பறிக்கும் மோசடிக்காரரும் கிளம்பியிருக்கிறார்கள். டெலிபோனில் மிரட்டி, பணம் அனுப்பினால் வாரண்டை ரத்து செய்கிறோம் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. சந்தேகமிருந்தால் வழக்கு எண்ணைக் கொண்டு இ-கோர்ட்ஸ் தளத்திலோ, நேரே கோர்ட்டு அலுவலகத்திலோ விசாரித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது

தேதி தவறியது தெரிந்ததும் முதல் வேலை, சம்மனில் உள்ள கோர்ட்டின் பெயரையும் வழக்கு எண்ணையும் குறித்துக்கொள்வது. அடுத்த வேலை நாளிலேயே அந்தக் கோர்ட்டுக்குப் போய், அரசுத் தரப்பு வக்கீலையோ, சம்மன் கொண்டுவந்த போலீஸ் நிலையத்தின் கோர்ட்டுக் காவலரையோ பார்த்து, வாய்தா எந்தத் தேதிக்குப் போயிருக்கிறது, வாரண்டு பிறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். வராத காரணத்தை ஒரு தாளில் உள்ளபடி எழுதிக் கொடுக்கலாம். காய்ச்சலென்றால் டாக்டர் சீட்டு, வேலையென்றால் கம்பெனி வருகைப் பதிவு. மறதியென்றால் மறதி என்றே எழுதலாம். பொய்ச் சீட்டு வாங்கப் போவது, சிறு பிழையைப் பெருங்குற்றமாக்குவதாகும்.

வாரண்டு பிறந்திருந்தால், அதை ரத்து செய்யக் கோரி வக்கீல் மூலம் மனுப் போட்டு, கோர்ட்டில் நேரில் நிற்பதே வழி. வக்கீல் வைக்கப் பணமில்லாதவர் கலங்க வேண்டியதில்லை. 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை தந்திருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அழைப்பு சாட்சிக்கல்ல, குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்றால் நிலைமை வேறு. ஜாமீனில் இருப்பவர் வாய்தா தவறினால் ஜாமீன் பத்திரமே பறிபோகலாம். தனி வழக்கும் வரலாம். அவர் ஒரு நாளும் தாமதிக்காமல் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

கோர்ட்டின் கடமை

சாட்சிக்குக் கடமையைச் சொல்லும்போது, கோர்ட்டின் கடமையையும் சொல்வதே நியாயம். ஒரு நாள் கூலியை இழந்து வந்தவன், மாலை வரை வராந்தாவில் நின்று, “வாய்தா போட்டாயிற்று, அடுத்த மாதம் வா” என்ற சொல்லோடு திரும்புவது அரிதா? இப்படிச் சாட்சிகள் அலைக்கழிக்கப்படுவதைச் சுப்ரீம் கோர்ட்டே 2000-ல் ஒரு தீர்ப்பில் கடிந்துரைத்தது. சாட்சி வந்து நிற்கையில், எழுத்தில் பதிந்த விசேஷ காரணமின்றி வழக்கை ஒத்திவைக்கலாகாது என்பது சட்டம். சாட்சிக்குப் படிச்செலவு கொடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. சாலை விபத்தில் உதவியவர், தாமாக முன்வந்து சாட்சியானால், அவரை ஒரே தடவையில் விசாரித்து அனுப்ப வேண்டும் என்ற வழிமுறைகளுக்கு 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புதல் தந்தது. இவை நடைமுறையில் செழித்தால் சம்மனைக் கண்டு ஓடுகிறவர் குறைவர்.

கம்பெனி முதலாளிகளுக்கும் இதில் பங்குண்டு. சம்மனைக் காட்டும் டெய்லருக்கும் செக்கிங் பெண்ணுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தால் எந்த ஷிப்மெண்டும் நின்றுவிடாது. அவர்களுடைய செக் பவுன்ஸ் வழக்குகளுக்கும் நாளை யாரோ ஒருவர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வியாழக்கிழமை கோர்ட்டில் காலியாக இருந்தது ஒரு கூண்டு மட்டுமல்ல. சைக்கிள்காரரின் மனைவி அன்று குழந்தையோடு வந்து காத்திருந்திருப்பாள். லாரி டிரைவரும், தன் மேல் தவறில்லையென்றால் அதைச் சொல்ல ஒருவர் வருவாரா என்று பார்த்திருந்திருப்பான். கண்டதைக் கண்டபடி சொல்ல ஒருவன் வராவிட்டால் இருவருக்குமே நியாயம் தள்ளிப்போகிறது. தேதி தவறியது போகட்டும். திங்கட்கிழமை காலை கோர்ட்டு திறக்கும்போது அவன் வாசலில் நின்றால் போதும்.