கைக் கருவியும் மேசைக் கணிப்பொறியும்

கையில் அடங்கும் கணிப்பொறி எது என்று நம் தோழியரைக் கேட்டால் கைப்பேசியைக் காட்டுவார்கள். கைப்பேசி இத்தனை வித்தைகள் கற்பதற்கு முன்பே அப்படி ஒரு கருவி இருந்தது. அதன் பெயர் பாம் பைலட். அவ்வகையில் ஒன்று எங்கள் பெரியப்பாவிடம் இருந்தது; இப்போதும் அவருடைய அலமாரியில் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு வரிகூட மிச்சமில்லை. அது எப்படி வெறுமையாயிற்று என்பதையும், அதனால் என் மனத்தில் எழுந்த ஓர் எண்ணத்தையும் இங்கே எழுதத் துணிகிறேன்.

அமெரிக்காவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர் இக்கருவியை உருவாக்குமுன், சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து வைத்துக்கொண்டு திரிந்தாராம். யாராவது சந்திக்க நாள் கேட்டால் கட்டையை வெளியே எடுத்து, குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்வாராம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! 1996-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கருவி விற்பனைக்கு வந்தது. முதல் கருவியின் நினைவகம் வெறும் 128 கிலோபைட். இன்று நாம் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாது.

இதற்கு முன் வந்த கைக் கருவிகள் பல, கணிப்பொறியின் இடத்தையே பிடிக்க ஆசைப்பட்டன. ஹாக்கின்ஸ் இதை மேசைக் கணிப்பொறிக்கு ஒரு துணையாகவே எண்ணினார். ஆகவே கருவியுடன் தொட்டில் போன்ற ஒரு தாங்கியையும் கொடுத்தார்கள். தாங்கியிலிருந்து ஒரு கேபிள் கணிப்பொறியின் பின்புறமுள்ள ‘சீரியல் போர்ட்’ என்னும் துளைக்குச் செல்லும். கருவியைத் தொட்டிலில் வைத்து, அதிலுள்ள ஒரே பொத்தானை அழுத்தினால் போதும். ‘ஹாட்சிங்க்’ என்று அதற்குப் பெயர். கருவியில் எழுதிய முகவரிகளும் குறிப்புகளும் கணிப்பொறிக்குப் போகும். கணிப்பொறியில் எழுதியவை கருவிக்கு வரும்.

எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் அது சுமந்து செல்வதில்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் எண் உண்டு. திருத்தினால் ‘இது மாறியது’ என்று ஓர் அடையாளம் விழும். அடையாளம் விழுந்தவை மட்டுமே பயணம் செய்யும். ஒரே குறிப்பை இரண்டு பக்கத்திலும் வெவ்வேறாகத் திருத்தியிருந்தால்? எது சரியென்று இயந்திரம் தீர்ப்புச் சொல்லாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, ‘இப்படி நேர்ந்திருக்கிறது, நீங்களே பாருங்கள்’ என்று தெரிவித்துவிடும். இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பெரியப்பா வைத்திருந்தது 1998-இல் வந்த பாம் த்ரீ என்ற வகை. வேலை நிமித்தம் அமெரிக்கா சென்றபோது வாங்கி வந்தார். பாட்டி சொல்லச் சொல்ல, கஷாய வகைகளையும் குடும்பத்தின் பழைய சங்கதிகளையும் அதில் குறித்து வைத்தார். தமிழ் எழுத்து அதில் வராது. ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினார். தினமும் இரவு பொத்தானை அழுத்திவிட்டுத்தான் படுப்பாராம்.

2005-இல் வீட்டுக்குப் புதிய கணிப்பொறி வந்தது. அதில் சீரியல் போர்ட் இல்லை. அதற்கென்று மாற்றுக் கேபிள் கடையில் கிடைக்கும். ‘நாளை வாங்கலாம்’ என்றார் பெரியப்பா. அந்த நாளை வரவே இல்லை. அவர் பாட்டுக்குக் கருவியில் எழுதிக்கொண்டே இருந்தார். அக்காலத்துப் பாம் கருவிகளின் நினைவகம் மின்சாரம் உள்ளவரைதான் நினைவு வைத்திருக்கும். சிறிய பாட்டரிகள் இரண்டும் முழுவதும் தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். 2006-இல் பாட்டி நோயுற்று, மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த வாரங்களில் பாட்டரியைப் பார்ப்பார் யார்? காரியங்கள் முடிந்தபின் கருவியைத் திறந்தால், கடையிலிருந்து அன்றுதான் வாங்கியதுபோல் இருந்தது. பாட்டி கடைசி ஓராண்டில் சொன்னவை எல்லாம் போய்விட்டன. நான் அப்போது பிறக்கவில்லை. எனக்குப் பாட்டியைப் புகைப்படத்தில்தான் தெரியும்.

இதை வகுப்பில் சொன்னபோது தோழி ஒருத்தி, “இந்தக் காலத்தில் எல்லாம் தானாகவே இணையத்துக்குப் போய்விடுகிறதே, பொத்தான் எதற்கு?” என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தானாக நடந்திருந்தால் பாட்டியின் சொற்கள் பிழைத்திருக்கும். மனிதர் மறப்பார்கள், அதுவும் துக்கத்தில் நிச்சயம் மறப்பார்கள். ஆயினும், அழிப்பதும் தானாகவே நடக்கிறதல்லவா? கைப்பேசியில் ஒரு படத்தைத் தவறுதலாக நீக்கினால், அதே கணக்கில் இணைந்த மற்ற இடங்களிலும் அது நீங்கக்கூடும். பழைய பாம் கருவியோ, ஒன்றை அழிக்கும்போது ‘கணிப்பொறியில் ஒரு பிரதி வைக்கட்டுமா?’ என்று கேட்கும். நம் படங்கள் எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகின்றன என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிரதி எடுப்பதை இயந்திரம் மறவாமல் செய்யட்டும். அழிப்பதையும், இரண்டில் எது மெய் என்று தீர்மானிப்பதையும் நம்மைக் கேட்டுச் செய்யட்டும். பெற்றோர் வாங்கித் தரும் கருவிகளில் இதைப் பார்த்து வாங்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

சென்ற விடுமுறையில் பரணிலிருந்து பெரியப்பாவின் பழைய கணிப்பொறியை இறக்கினோம். அது ஓடவில்லை. பழுது பார்க்கும் கடைக்காரர் அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஒரு கேபிள் மூலம் என் அண்ணனின் மடிக்கணினியில் இணைத்துக் கொடுத்தார். குறிப்புகள் இருந்த கோப்பைத் திறந்தால் புரியாத குறிகளுக்கு நடுவே பாட்டியின் பேச்சு தெரிந்தது. 2005 வரை சொன்னவை அத்தனையும் அங்கே இருந்தன. இருமல் கஷாயம் மட்டும் இரண்டு முறை வந்திருந்தது. ஒன்றில் பத்து மிளகு, மற்றதில் பன்னிரண்டு. கருவியில் பெரியப்பாவும் கணிப்பொறியில் பெரியம்மாவும் ஒரே நாளில் திருத்தியிருக்கிறார்கள். தாம் எழுதியதே சரி என்று இருவரும் இன்றும் சாதிக்கிறார்கள். நான் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி, இன்னொரு பிரதியை அத்தை வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறேன்.