பாலத்துக்குள் ஒளிந்திருக்கும் துரு

எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகேயுள்ள பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. நீளத்துக்குச் சென்னை எல்லைச் சாலை உருவாகி வருகிறது. காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களின் சரக்கும் கும்மிடிப்பூண்டி ஆலைகளின் இரும்பும் இனி இவ்வழியே விரையும் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. இச்சாலையின் செலவு பற்றியும் நிலம் கையகப்படுத்துதல் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. பாலங்களின் ஆயுளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

இன்று நம் நாட்டில் நீண்ட கண்களைக் கொண்ட பாலங்கள் பெரும்பாலும் முன்தகைவு கான்கிரீட்டால் கட்டப்படுகின்றன. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. எனவே, உத்தரத்துக்குள் குழாய்களைப் பதித்து, அவற்றினுள் உயர்வலிமை எஃகு வடங்களைச் செலுத்தி, பலமாக இழுத்து இரு முனைகளிலும் பூட்டிவிடுகிறார்கள். வடம் சுருங்க முயல்வதால் கான்கிரீட் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். மாட்டு வண்டிச் சக்கரத்தின் மீது இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டி, குளிரவைத்து இறுக்கிய நம் ஊர்க் கொல்லருக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. வடத்தை இழுத்துப் பூட்டிய பின், குழாயில் எஞ்சிய இடம் முழுவதையும் சிமெண்ட் பாலால் நிரப்ப வேண்டும். சிமெண்டின் காரத்தன்மைதான் எஃகைத் துருவிலிருந்து காக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சிமெண்ட் பாலின் தரம் குறைந்தாலோ அவசரமாகச் செலுத்தினாலோ, தண்ணீர் பிரிந்து மேலேறி, குழாயின் உயரமான வளைவுகளிலும் பூட்டு முனைகளுக்கு அருகிலும் வெற்றிடம் உண்டாகிறது. இணைப்புகள் வழியே கசியும் மழைநீரும் கடல் காற்றின் உப்பும் அங்கே சேர்கின்றன. சாதாரணக் கம்பி துருப்பிடித்தால் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து, முன்கூட்டியே எச்சரித்துவிடும். முன்தகைவு வடமோ தன் வலிமையில் ஏறத்தாழ 70 விழுக்காடு வரை ஏற்கெனவே இழுக்கப்பட்டிருப்பது. அதில் விழும் சிறு குழிகூட விரிசலாக வளர்ந்து கம்பியை அறுத்துவிடலாம். வெளியே சுண்ணாம்பு பூசிய பாலம் பளிச்சென்று நிற்கும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. கோவாவில் மாண்டவி ஆற்றின் மீது கட்டப்பட்ட நேரு பாலம் சுமார் 15 ஆண்டுகளே நின்றது. 1986 ஜூலை 5 அன்று இடிந்தது. உப்புக் காற்றில் வடங்கள் அரிக்கப்பட்டதே காரணம். பணஜி நகரம் மீண்டும் படகுகளை நம்ப நேர்ந்தது. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு வேல்ஸில், 1953-இல் கட்டப்பட்ட ஒரு சிறு பாலம் எச்சரிக்கை எதுவுமின்றித் தன் எடையாலேயே வீழ்ந்தது. பிரிட்டன் 1992-இல் இவ்வகைப் பாலங்களைப் புதிதாகக் கட்டுவதையே சில ஆண்டுகள் நிறுத்திவைத்து, முறைகளைத் திருத்திய பின்னரே மீண்டும் அனுமதித்தது. 2024 செப்டம்பர் 11 அதிகாலை, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்ப ஆற்றில் விழுந்தது. சற்று முன்புதான் ஒரு டிராம் அதைக் கடந்திருந்தது. கட்டுமானக் காலத்திலேயே வடங்களில் தொடங்கிய அரிப்பு, அரை நூற்றாண்டு கழித்து வெளிப்பட்டது.

பொறியாளர்களுக்குத் தெரிந்த இந்த ஆபத்தைப் பொருளாதாரம் ஏன் காண மறுக்கிறது? டி சிட்டர் என்ற டச்சு நிபுணர் 1984-இல் ஒரு விதியைச் சொன்னார். கட்டும்போது ஒரு ரூபாயில் சரிசெய்யக்கூடியதை அரிப்பு தொடங்குமுன் சரிசெய்ய 5 ரூபாயும், தொடங்கிய பின் 25 ரூபாயும், பரவிய பின் 125 ரூபாயும் ஆகும் என்பது அது. ஆனால், திட்ட மதிப்பீட்டில் எதிர்காலச் செலவை ஆண்டுக்கு 12 விழுக்காடு தள்ளுபடி செய்தால், 40 ஆண்டுகளுக்குப் பின் வரும் அந்த 125 ரூபாயின் இன்றைய மதிப்பு 1 ரூபாய் 34 காசுதான்! கணக்குப் பார்ப்பவர் அலட்சியம் காட்டுவதில் வியப்பில்லை. மாண்டவியைப் போல 15 ஆண்டுகளிலேயே அந்தச் செலவு வந்தால், இன்றைய மதிப்பு ஏறத்தாழ 23 ரூபாய். ஆக, நூறாண்டு நிற்கும் என்று எழுதிவைத்த அனுமானமே கணக்கைத் தவறாக்குகிறது. ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலமோ சில ஆண்டுகளில் முடிந்துவிடும். குழாய்க்குள் நிரம்பாத இடம் அதற்குள் வெளியே தெரியாது. வாங்குபவர் காண முடியாத தரத்துக்குச் சந்தை விலை தருவதில்லை.

எண்ணூர், பொன்னேரி வட்டாரத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். பழவேற்காடு முதல் எண்ணூர் வரை உப்புக் கழிகளும் பக்கிங்ஹாம் கால்வாயும். அனல் மின் நிலையங்களும் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் விடும் புகை. ஓயாமல் ஓடும் சரக்கு வண்டிகள். மூன்று அச்சு லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை 2018-இல் மத்திய அரசு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. அதற்கும் மேல் ஏற்றும் வழக்கத்தை இங்கு விளக்க வேண்டியதில்லை.

மத்திய அரசு 2016-இல் தொடங்கிய பாலங்கள் மேலாண்மை அமைப்பு, தேசிய நெடுஞ்சாலைகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களையும் சிறுபாலங்களையும் பதிவு செய்தது பாராட்டத்தக்கது. எனினும், கண்ணால் பார்த்து மதிப்பெண் இடும் ஆய்வு, குழாய்க்குள் இருக்கும் வடத்தை எட்டாது. அதற்கு வேண்டிய அறிவு தொலைவில் இல்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும், தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. எல்லைச் சாலையின் ஒவ்வொரு பாலத்துக்கும் சிமெண்ட் பால் செலுத்திய நாள், அளவு, சோதனை முடிவு ஆகியவற்றைத் திறப்பு விழாவுக்கு முன்பே பொதுவெளியில் வைக்க நெடுஞ்சாலைத் துறை முன்வர வேண்டும். பூட்டு முனைகளைத் திறந்து பார்க்கும் ஆய்வுக்கென, சுங்கக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை வேறெதற்கும் எடுக்க முடியாத தனிக் கணக்கில் சேர்க்கலாம். கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும் இப்போது இதற்கு ஆகும் செலவு, டி சிட்டர் சொன்ன அந்த ஒரு ரூபாய்தான்.