கடை முகப்புக்குச் செங்கல் டைல்ஸ்: "ரெண்டே நாள்" என்றால் எத்தனை நாள்?

2024 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், நம் சங்க உறுப்பினர் ஒருவர் தம் மளிகைக் கடை முகப்பில் செங்கல் டைல்ஸ் ஒட்டும் வேலையைத் தொடங்கினார். "ரெண்டே நாள் அண்ணாச்சி, மூணாம் நாள் நீங்க கல்லாவில உட்காரலாம்" என்றார் கொத்தனார். கடை திறந்தது ஏழாம் நாள். தீபாவளிக்கென்று வாங்கி அடுக்கிய சர்க்கரையும் கடலைமாவும் எண்ணெயும் ஷட்டருக்கு உள்ளே இருக்க, வாடிக்கையாளர்கள் எதிர்க்கடையில் சீட்டுக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள்.

வெல்லத்தை மூட்டைக்கு மூட்டை நிறுத்து வாங்கும் நாம், வேலை நாளை மட்டும் வாய்ச்சொல்லில் வாங்கி விடுகிறோம். கொத்தனார் ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. அவர் சொன்ன இரண்டு நாள், கல்லைச் சுவரில் ஒட்டுவதற்கு மட்டும். மற்ற வேலைகளை அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"தரைக்கு டைல்ஸ் போட்டபோது இதே அளவு ஒரே நாளில் முடிந்ததே" என்று பலர் கேட்கிறார்கள். தரையில் போடுவது இரண்டடிக்கு இரண்டடி. செங்கல் டைல்ஸ் 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம் என்று வைத்துக் கொள்வோம். இடையில் அரை அங்குலம் சந்து விட்டால் சதுர அடிக்குச் சுமார் 4.3 கல் பிடிக்கும். தரையில் ஒரே டைல்ஸ் மூடுகிற இடத்தைச் சுவரில் 17 கல் மூட வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் பசை தடவி, நூல் பார்த்து, அழுத்த வேண்டும். சந்துகளின் நீளமோ 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 470 அடி.

அந்த உறுப்பினரின் கடையையே அளந்து பார்த்தோம். முகப்பு 12 அடிக்கு 12 அடி. ஷட்டர் 8 அடிக்கு 8 அடி. கழித்தால் 80 சதுர அடி. எல்லோரும் இதோடு நிறுத்தி விடுகிறார்கள். ஷட்டருக்கு உள்ளே மடங்கும் சுவர் 9 அங்குலம். இரு பக்கமும் மேலும் சேர்த்து 24 அடி நீளம். அது ஒரு 18 சதுர அடி. ஆக 98 சதுர அடி, சுமார் 425 கல். கல்லுக்கு இரண்டு நிமிடம் என்றால் பதினான்கு மணி நேரம். சாப்பாடு, டீ போக ஒரு நாளில் கை ஓடுவது ஏழு மணி நேரம். கொத்தனாரின் இரண்டு நாள் இதுதான்.

இனித்தான் சங்கதி. மடங்கும் மூலையில் பக்கத்துக்கு 27 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கல்லைச் சாய்வாக வெட்டிச் சேர்க்க வேண்டும். இரு பக்கமும் 108 வெட்டு. ஒரு வெட்டுக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் ஐந்து மணிக்கு மேல். மூலைக்கென்றே மடக்கிச் செய்த கல் கிடைத்தால் விலை கூடினாலும் வாங்கி விடலாம் என்பது நம் கருத்து. முக்கால் நாள் கூலி மிச்சம். வெட்டும் மெஷினைக் கடை வாசலில் வைக்க விடாதீர்கள். அந்தச் சிவப்புத் தூசி அரிசி மூட்டையில் படிந்தால் யார் வாங்குவார்?

பெயின்ட் அடித்த பழைய சுவரில் பசை பிடிக்காது. கொத்தி விட்டுக் கழுவ ஒரு நாள். ஒட்டிய பின் ஒரு நாள் சும்மா விட்டால்தான் சந்துக்குக் கலவை கொடுக்க முடியும். அதற்கு ஒரு நாள். ஐப்பசி மழை வந்தால் அதுவும் தள்ளும். கூட்டிப் பாருங்கள், ஆறு நாள்.

இதை முன்கூட்டியே அறிய வழி இருக்கிறது. தூணின் மடங்கும் பக்கத்தில் பத்துக் கல் ஒட்டச் சொல்லுங்கள். கணக்கில் சேர்க்க வேண்டாம். கை பழக வேண்டும். அடுத்த பத்துக் கல்லுக்குக் கடிகாரம் பாருங்கள். சமமான சுவரில் பார்த்தால் கணக்குத் தவறும்.

கூலியைச் சதுர அடிக்கு மட்டும் பேசினால் மூலை கோணலாகும். தினக்கூலி என்றால் டீ நேரம் நீளும். சமமான பகுதிக்குச் சதுர அடி, மூலைக்கு ஓடும் அடி என்று பிரித்துப் பேசுவதே இருவருக்கும் நியாயம். வேலையைப் பொங்கல் கழித்து வைத்துக் கொள்ளலாம். தீபாவளி, பொங்கலுக்கு முந்திய மாதம் வேண்டவே வேண்டாம்.

ஆறு நாள் வேலை என்று தெரிந்தால் ஆறு நாளுக்குரிய கூலியையும் கொடுத்து விட வேண்டும். நம் உறுப்பினர் நான்காம் நாள் முதல் சாரத்துக்குக் கீழே நின்று, "இன்னிக்கு முடியுமா, இல்லையா" என்று விரட்டிக் கொண்டே இருந்தார். மேல் வரிசைகளுக்குக் கல்லின் பின்பக்கம் முழுதும் பசை தடவ நேரமில்லாமல் நாலு பொட்டு வைத்து அழுத்தியிருக்கிறார்கள். 2025 மாசியில் ஷட்டருக்கு நேர் மேலே இருந்து மூன்று கல் கழன்று விழுந்தன. விடியற்காலை, கடை திறக்கவில்லை. பால் வாங்க வருகிறவர்கள் அரை மணி கழித்துத்தான் அங்கே நிற்பார்கள்.