சொகுசுக் கப்பலில் போறீங்களா? அறை, சாப்பாடு, ரீஃபண்ட்... புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

திசையன்விளைக்குத் தூத்துக்குடி துறைமுகம்தான் பக்கம். ஆனால் அங்கிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் தொடங்கிய ஸ்கோசியா பிரின்ஸ் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோனது. 2022 ஜூனில் கார்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பியது சென்னையில் இருந்துதான்.

அதே மாதம் புதுச்சேரி கடல் வரை வந்தும், அரசு அனுமதி தராததால் பயணிகள் அங்கே இறங்க முடியவில்லை. அதனால ஊர் சுற்றிப் பார்க்கத்தான் போறீங்கன்னா, இறங்கும் ஊர் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முதலிலேயே கேட்டுக்கோங்க.

குறைந்த விலை டிக்கெட் என்றால் பெரும்பாலும் ஜன்னலே இல்லாத உள் அறை. தூங்க மட்டும் அது போதும். வாந்தி பயம் இருந்தா கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்க, ஆட்டம் குறைவு. சாப்பாடு பொதுவாக டிக்கெட்டிலேயே அடக்கம், மதுவுக்குத் தனி பில். இலங்கை போகும் பயணம்னா பாஸ்போர்ட் கட்டாயம்.