ஃபார்மேட் செய்வதற்கு முன்

வீட்டுக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் நம் ஊர்களில் கிடைக்கும் முதல் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்." அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டாவது தீர்ப்பு: "மதர்போர்டு போயிடுச்சு." முதலாவதில் பத்து வருடத்துப் போட்டோக்களும் மகளின் காலேஜ் புராஜெக்டும் காணாமல் போகும். இரண்டாவதில் ஆயிரக்கணக்கில் பணம் போகும். இரண்டுமே தேவைப்படாத சந்தர்ப்பங்கள் ஏராளம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டங்கள் மறுவாழ்வு தருகின்றன. ஆனால் மாறியவர்களில் சிலர் முதல் கோளாறிலேயே மிரண்டு, "லினக்ஸ் நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கோளாறு பொருளிலா, சாஃப்ட்வேரிலா என்பது தெரியாததுதான் சிக்கல். அதைக் கண்டுபிடிக்கும் கருவி உங்கள் மேஜை டிராயரிலேயே இருக்கலாம். சிஸ்டத்தை ஏற்றப் பயன்படுத்திய அதே பென் டிரைவ்தான் அது.

பென் டிரைவைச் செருகி கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். உடனே எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பட்டனைத் தட்டினால், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' வேண்டாம், 'ட்ரை' போதும். சிஸ்டம் பென் டிரைவிலிருந்தே ஓடும். டிஸ்கில் உள்ளவை அப்படியே இருக்கும்.

இங்கே வைஃபையும் ஸ்பீக்கரும் வேலை செய்தால் பொருள் நன்றாக இருக்கிறது. கோளாறு டிஸ்கில் உள்ள சாஃப்ட்வேரில். இங்கும் வேலை செய்யாவிட்டால் பொருளையோ அதற்கான டிரைவரையோ சந்தேகிக்கலாம். டிஸ்க் திறந்தால் முதல் காரியமாக முக்கியமான ஃபைல்களை வேறொரு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். ரிப்பேர் அப்புறம்.

சாஃப்ட்வேர்தான் குற்றவாளி, அதுவும் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு என்றால், வைத்தியம் எளிது. ஆரம்பத் திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் பழைய கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) காத்திருக்கும். அந்தத் திரை வராவிட்டால் ஆன் செய்ததும் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் பட்டன் கொண்டுவரும். பழையதைத் தேர்ந்தெடுத்தால் பல சமயம் நேற்று ஓடியது இன்றும் ஓடும்.

அடிக்கடி வரும் புகார் வைஃபை. பிராட்காம், ரியல்டெக் போன்ற பல சிப்கள் இயங்க, தயாரிப்பாளர் தரும் ஃபர்ம்வேர் என்ற சிறு ஃபைல் வேண்டும். அதன் மூல நிரல் வெளிப்படையாக இல்லை என்பதால் டெபியன் போன்ற சிஸ்டங்கள் அதை நெடுங்காலம் தள்ளியே வைத்திருந்தன. 2022-ல் உறுப்பினர்கள் ஓட்டெடுத்து அந்த விதியைத் தளர்த்தினார்கள்; 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது சேர்ந்தே வருகிறது. உங்கள் சிஸ்டத்தில் அந்த ஃபைல் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்டில் 'டிரைவர் மேனேஜர்' மூலம் வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, நம் வைஃபை மட்டும் தெரியவில்லையா? ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பலாம். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே காதில் விழும். ரூட்டரில் அதையும் ஆன் செய்தால் தீர்ந்தது.

இணைப்பு இருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் டெர்மினலைத் திறந்து 'பிங்' கட்டளையோடு 8.8.8.8 என்று கூகுளின் முகவரியைத் தாருங்கள். பதில் வந்தால் லைன் நலம். பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. நெட்வொர்க் செட்டிங்கில் அதே 8.8.8.8-ஐ டிஎன்எஸ் ஆகக் கொடுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் ரூட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1) பிங் செய்யுங்கள். அதுவும் மௌனம் என்றால் தகராறு வீட்டுக்குள். ரூட்டர் மட்டும் பதில் சொன்னால் கேபிள்காரரைக் கூப்பிடலாம். ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து சிக்னலே வரவில்லை. கம்ப்யூட்டரை நோண்டிப் பயனில்லை.

கடிகாரத்தையும் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் பிரவுசர் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தளங்களைத் திறக்க மறுக்கும். மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி (பெரும்பாலும் சிஆர்2032) தீர்ந்திருக்கலாம். ஆனால் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது மட்டும் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கினால் பேட்டரிமேல் பழி வேண்டாம். லினக்ஸ் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. செட்டிங்கை மாற்றினால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் கடைக்குப் போக வேண்டி வரலாம். அப்போது "ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பென் டிரைவில் போட்டால் வைஃபை கிடைக்கிறது, டிஸ்கில் போட்டால் இல்லை" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். மற்றவர் மதர்போர்டு கதையை ஆரம்பிக்கத் தயங்குவார்.

பென் டிரைவ் இல்லையென்றால் 8 ஜிபி-யில் ஒன்று வாங்கி இந்த வாரமே தயார் செய்துவிடுங்கள். ஓடாத கம்ப்யூட்டரில் அதைத் தயாரிக்க முடியாது.