நம்மை நாமே எண்ணலாமா?

சென்ற வாரம் ஓர் இரவு. மணி இரண்டு இருக்கும். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை மூடிவிட்டு, நம் மன்ற இதழின் இணையத்தளத்திற்கு யாரேனும் வந்தனரா என்று கூகுள் அனலிடிக்சைத் திறந்து பார்த்தேன். கடந்த 30 நிமிடத்தில் ஒருவர் வந்திருப்பதாகக் காட்டியது. உள்ளம் குளிர்ந்தது. தமிழ் வழங்காத இவ்வூரில், இந்த நள்ளிரவில், நம் கவிதைப் பக்கத்தைத் தேடி வந்த நல்லுயிர் யாரோ என்று மகிழ்ந்தேன். சற்றுக் கழித்துத்தான் கண்டேன்: என் கணினியிலேயே மற்றொரு சாளரத்தில் அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. அந்த நல்லுயிர் நானேதான்!

சிரித்துவிட்டு உறங்கியிருப்பேன். ஆனால் அச்சு இதழை நிறுத்திவிட்டுத் தளத்தோடு அமைவதா என்பதை வரும் பொதுக்குழு முடிவு செய்யப்போகிறது. "தளத்திற்கு வருகை பெருகிவிட்டது, இனித் தாள் எதற்கு?" என்று செயற்குழு நண்பர்கள் கேட்கின்றனர். அந்த வருகையில் நம்முடையது எவ்வளவு? பிழை திருத்துபவர் பத்து முறை திறக்கிறார். கட்டுரை எழுதியவரோ தம் பெயரைக் கண்டு களிக்க இருபது முறை திறக்கிறார். நானும் அதற்கு விலக்கல்லேன்.

கைகர் எண்ணியைக் கையாண்ட நண்பர்கள் இதை நன்கறிவர். கதிரியக்கப் பொருளை அருகில் வைக்கும் முன்பே அது தட்டிக்கொண்டிருக்கும். விண்ணிலிருந்து வரும் கதிர்களும் சுவரிலும் மண்ணிலும் உள்ள கதிரியக்கமும் அதற்குக் காரணம். அந்தப் பின்னணியை முதலில் எண்ணிக் கழித்த பிறகே பொருளின் அளவை எழுதுகிறோம். கழிக்காமல் எழுதினால் ஏடு திரும்பி வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் இந்த நாணயம் மன்றத்தில் மட்டும் வேண்டாமா?

கழிப்பதற்கு அனலிடிக்சிலேயே வழியுண்டு. நம் ஐ.பி. முகவரியைக் குறித்து, 'இது உள்ளார் வருகை' என்று விதி எழுதி, வடிகட்டியை இயக்கினால் போதும். நண்பர் ஒருவர் பல்கலைக்கழக முகவரியையே எழுதிவிடலாம் என்றார். அங்கேதான் ஆபத்து! நம் விடுதி முழுவதும் ஒரே பொது முகவரி வழியாகத்தான் வெளியே செல்கிறது. அதை விலக்கினால் ஆசிரியர் குழுவோடு விடுதித் தமிழர் அனைவரும் கணக்கிலிருந்து மறைவர். யாருக்காக இதழ் நடத்துகிறோமோ அவர்களையே அழித்ததாகும். அதே வேளையில், கைப்பேசி இணைப்பில் திறக்கும் ஆசிரியர் வேறு முகவரியோடு வந்து தப்பிவிடுவார்.

ஆகவே இடத்தை விலக்காமல் ஆளை விலக்க வேண்டும். ஆசிரியர் குழுவினர் மட்டும் அறிந்த ஒரு பக்கத்தை அமைப்போம். அதைத் திறந்தவரின் உலாவியில் ஒரு குக்கீ பதியட்டும்; அது உள்ள உலாவியிலிருந்து வரும் வருகை 'உள்ளார்' என்ற குறியோடு போகட்டும். ஐபோன் வைத்திருப்போர் மட்டும் அடிக்கடி அப்பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கும். பக்க நிரல் எழுதும் குக்கீக்குச் சபாரி 7 நாள் ஆயுளே தருகிறது.

இன்னொன்று. இந்த வடிகட்டி இயக்கிய நாளிலிருந்துதான் வேலை செய்யும். பழைய கணக்கைத் திருத்தாது. வடிகட்டியது மீண்டும் வராது என்பதால் முதலில் சோதனை நிலையில் வைத்துப் பார்ப்பது நலம். எனவே, இன்று கையிலிருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரு மாதம் பொறுங்கள். நான் அச்சு இதழின் கட்சி; அதை மறைக்கவில்லை. ஆயினும் கழித்த பிறகும் வருகை மிகுந்திருந்தால், தளத்திற்கே கை தூக்குவேன்.

என் கணினியிலும் கைப்பேசியிலும் சோதனைக்காகக் குறியிட்டு வடிகட்டியை இயக்கிவிட்டேன். நேற்றிரவும் இரண்டு மணிக்குத் திறந்து பார்த்தேன். 0 என்றிருந்தது. கவிதைப் பக்கத்தை இன்னொரு முறை படித்துவிட்டுப் படுத்தேன்.