கடையின் உரிமத்தையும் விசாரியுங்கள்
திருப்பூர் மதுக்கடைகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாலும் ஆதார் கேட்கிறார்கள். லைன் வீட்டுக்கு வாடகைக்குப் போனாலும் ஆதார். மதுக்கடைக் கம்பிக்குள் இருப்பவர் ஒரு பையனிடம் வயதைக் கேட்டு நாங்கள் கண்டதில்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து இறங்கி, சனிக்கிழமை தோறும் கையில் வாரச் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. அந்த விதி இங்கேதான் அதிகம் தேவை.

நாங்கள் பனியன், விசைத்தறித் தொழிலாளர் வீட்டுப் பெண்களின் அமைப்பு. பூரண மதுவிலக்கு வேண்டுமா என்று கேட்டால் எங்களுக்குள்ளேயே இரண்டு பதில் வரும். இந்த அறிக்கை அதைப் பற்றியதல்ல. வயது குறைந்தவர்களுக்கும், நேரம் கடந்தும் சரக்கு போகிறது என்று புகார் வந்தால், அந்தக் கடையின் அனுமதியையே மாவட்ட ஆட்சியர் பொது விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

இப்போது என்ன நடக்கிறது? கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. காலையில் ஷிப்டுக்குப் போகும் வழியிலேயே சந்துக்கடையில் குவாட்டர் கிடைக்கிறது, கூடுதல் விலைக்கு. போலீஸ் எப்போதாவது பிடிக்கிறது. பத்து இருபது பாட்டிலோடு ஒருவர் மீது வழக்கு. அந்தப் பாட்டில்களில் இருப்பது அரசு ஹாலோகிராம்தான். மொத்தமாக எந்தக் கடையிலிருந்து வெளியே வந்தன என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. மிஞ்சிப்போனால் ஒரு விற்பனையாளர் இடம் மாற்றப்படுவார். தொகுப்பூதியத்தில் நிற்கும் அவர் மீது மட்டும் பழி போட எங்களுக்கு மனமில்லை.

கடையை ஒட்டிய பார்களின் கதை இன்னும் விசித்திரம். டெண்டர் விடுவது தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான். மது விற்கும் உரிமையே இல்லாத இடத்தில், கடைக்குப் பூட்டுப் போட்ட பிறகு விற்பனை நடந்தால் இரண்டு அனுமதிகளையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது 2003 நவம்பரில். கடைக்கும் பள்ளிக்கும், கடைக்கும் கோயிலுக்கும் நடுவே நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. டேப் பிடித்து அளக்கலாம். ஆனால் கடை எப்படி நடக்கிறது என்று அக்கம்பக்கத்தார் வந்து சொல்ல ஓர் இடம் வைக்கவில்லை. அதே 2003-இல் பிரிட்டன் இயற்றிய மது உரிமச் சட்டத்தில் குடியிருப்பவர் யாரும் ஒரு கடையின் உரிமத்தை மறுஆய்வு செய்யக் கோரலாம். மூன்று மாதத்தில் இரண்டு முறை சிறுவர்களுக்கு விற்றது நிரூபணமானால், அதுவே தனிக் குற்றம். அங்கே கடை தனியாருடையது, கண்காணிப்பது உள்ளாட்சி. இங்கே விற்பவரும் கண்காணிப்பவரும் ஒரே அரசு. 2024-25-இல் மதுவால் அரசுக்கு வந்த வரி வருவாய் 48,344 கோடி ரூபாய். அதே ஆண்டு திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி. இந்தக் கணக்கைப் பார்த்தால் விசாரணை ஏன் தானாக வராது என்பது புரியும்.

கேட்க இடமில்லாதபோது மக்கள் ரோட்டுக்குத்தான் வருவார்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017-இல் மூடிய கடைகளுக்கு ஊருக்குள் இடம் தேடினார்கள். ஏப்ரல் 11 அன்று சாமளாபுரத்தில் கடை வேண்டாம் என்று மறியல் செய்தவர்கள் மீது தடியடி. ஒரு பெண்ணை போலீஸ் உயர் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு விசாரணை நாள் கிடைத்திருந்தால் அவர்கள் ஏன் வெயிலில் உட்காரப் போகிறார்கள்?

கடையை நெருக்கினால் கள்ளச்சாராயம் வரும், கள்ளக்குறிச்சியைப் பாருங்கள் என்பார்கள். 2024 ஜூனில் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். அந்த ஊர் அழுததை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பத்து மணிக்குக் கடையைச் சாத்துவதும், பதினாறு வயதுப் பையனைத் திருப்பி அனுப்புவதும் யாரையும் விஷச் சாராயத்திடம் தள்ளாது.

புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. குழந்தைக்கு மது கொடுத்தாலும், குழந்தையை விட்டு மது விற்கவோ சுமக்கவோ செய்தாலும் ஏழு ஆண்டு வரை சிறை என்று இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 77, 78 பிரிவுகள் சொல்கின்றன. 18 வயது நிரம்பாதவர் சம்பந்தப்பட்ட புகாரில் போலீஸ் இந்தப் பிரிவுகளைச் சேர்க்க வேண்டும். பாட்டிலை ஸ்கேன் செய்து பில் போடும் முறையை டாஸ்மாக் கொண்டுவருகிறது; பிடிபட்ட பாட்டில் எந்தக் கடையுடையது என்று அதைக் கொண்டே காட்டட்டும். ஒரே கடையின் பெயர் மீண்டும் வந்தால், அங்கேயே அறிவிப்பு ஒட்டி, சுற்றியுள்ள தெருக்காரர்களை அழைத்து ஆட்சியர் விசாரிக்க வேண்டும். எச்சரிக்கை, தற்காலிக மூடல், இடமாற்றம், நிரந்தர மூடல், எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். சாட்சி சொல்ல வரும் பெண்களின் பெயர் வெளியே போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

தங்கள் தொழிலாளர் தங்கும் விடுதிகளைச் சுற்றி நடப்பதைச் சொல்ல ஏற்றுமதியாளர்களும் முன்வர வேண்டும். திங்கட்கிழமை மிஷின் காலியாகக் கிடப்பதைப் பற்றி எங்களிடம் குறைப்படுபவர்கள் அதை ஆட்சியரிடமும் சொல்லலாமே. வரும் கிராம சபைக் கூட்டங்களில் இக்கோரிக்கையைத் தீர்மானமாக வைக்கிறோம். மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபையில் வைப்போம்.